கொக்கி போட்டவன்

கடையநல்லூரில் முகம்மது இஸ்மாயிலின் பட்டறை முன்னால் முத்துச்செல்வத்தின் ரெக்கவரி வண்டி வந்து நின்றபோது வெயிலும் சாரலும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. வழக்கமாக அந்த வண்டி வந்து நின்றால் இடது பக்கக் கதவுதான் முதலில் திறக்கும். இசக்கிமணி குதித்து இறங்கி, டீ சொல்லியாச்சா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவான். அன்று வலது பக்கக் கதவு மட்டும் திறந்தது. முத்துச்செல்வம் தாடியும் கசங்கிய சட்டையுமாக இறங்கி, பட்டறைக்குள் வந்து நின்றான்.

இஸ்மாயில் ஒரு ஸ்டூலை அவன் பக்கம் இழுத்துப் போட்டார். கேட்க என்ன இருக்கிறது? தென்காசி வட்டாரத்தில் வண்டித் தொழில் செய்கிற எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும்.

இசக்கிமணி முத்துச்செல்வத்தின் மச்சினன். மனைவி உலகம்மையின் ஒரே தம்பி. அருவிச் சீசன் வந்துவிட்டால் ஐந்தருவிப் பக்கம் சேற்றில் மாட்டுகிற கார், செங்கோட்டை மலைப்பாதையில் படுத்துவிடுகிற லாரி என்று இரண்டு பேருக்கும் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்காது. முத்துச்செல்வம் வண்டி ஓட்டுவான். இசக்கி கொக்கி போடுவான். கொக்கி சரியாக விழுந்ததும் வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. போகலாம் என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் நில். மழை இரைச்சலிலும் அருவி இரைச்சலிலும் வாயால் கத்தி என்ன புண்ணியம்? அவர்களுக்குள் அந்தத் தட்டுதான் பேச்சு.

அந்தத் தொழிலில் இன்னொரு முறையும் உண்டு. கொக்கி போட்டவன்தான் கொக்கியைக் கழற்ற வேண்டும். கயிற்றின் இழுப்பு எந்தப் பக்கம் நிற்கிறதென்று அவனுக்குத்தான் தெரியும், வேறு ஆள் கை வைத்தால் விரல் போய்விடும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். பழைய ஆட்கள் வேறு மாதிரியும் சொல்வார்கள். மாற்றுக் கை பட்டால் பாரம் இறங்காது என்பார்கள். இசக்கி இதைச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் தான் போட்ட கொக்கியை இன்னொருவனைத் தொட விட்டதில்லை.

ஆனி மாதக் கடைசியில் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போன டெம்போ ஒன்று, புளியரை தாண்டி மலைப்பாதை வளைவில் தடுப்புச் சுவரை உடைத்துச் சரிவில் தொங்கியது. டிரைவர் குதித்துத் தப்பிவிட்டான். இசக்கி இறங்கிப் போய்க் கொக்கி போட்டான். சக்கரம் கோணாமல் இருக்க டெம்போவுக்குள்ளேயே ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான். கையை வெளியே நீட்டிக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினான். முத்துச்செல்வம் இழுத்தான். டெம்போ பாதி தூரம் ஏறியும் விட்டது.

அப்போதுதான் ரெக்கவரி வண்டியின் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது கம்ப்யூட்டர் வண்டி. எஞ்சினுக்குள் எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்பதை ஒரு சின்னப் பெட்டி தீர்மானிக்கும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் அதே பெட்டி டீசலைக் குறைத்து எஞ்சினைக் காப்பாற்றிக்கொள்ளும். முத்துச்செல்வம் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தான். எஞ்சின் கேட்கவில்லை. வண்டி பின்னால் சறுக்கியது, கயிறு அறுந்தது, டெம்போ கீழே ஓடையின் ஆழமான கசத்துக்குள் போய் விழுந்தது. வெள்ளம் அதன் மேல் மூடிக்கொண்டது.

தீயணைப்புக்காரர்கள் தேடிப் பார்த்துவிட்டு, தண்ணீர் குறையட்டும், கோடையில் பார்க்கலாம் என்று போய்விட்டார்கள். உலகம்மைக்குக் கோடை வரைக்கும் பொறுக்க முடியவில்லை. தம்பியின் உடம்பைப் பார்க்காமல் எந்தக் காரியமும் செய்ய விடமாட்டேன் என்று நின்றாள். சாப்பாடு இறங்கவில்லை. இடுப்பில் சேலை நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டாள். புருஷனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டவள், முந்தின நாள் சாயங்காலம் மட்டும் வாய் திறந்தாள்.

"ஊரான் வண்டியெல்லாம் இழுத்தியளே. என் தம்பியை இழுத்துக் குடுங்க. பிடி சாம்பலாவது ஆக்கிட்டு நான் அழுதுக்கிடுதேன்."

இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் அவளும் மிஞ்சமாட்டாள் என்று முத்துச்செல்வத்துக்குத் தெரிந்தது. அதனால்தான் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்து நிற்கிறான். ஆடியில் சாரல் இரண்டொரு நாள் ஓய்வெடுக்கும், ஓடையில் தண்ணீர் வடியும், டெம்போவின் கூரை வெளியே தெரியும். அந்த இடைவெளியில் இழுத்துவிட வேண்டும். அதற்கு இந்த எஞ்சினுக்கு இப்போது இருக்கிற பலம் போதாது.

எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவைப் பெரிசாகப் போடச் சொன்னான். டீசல் தெளிக்கிற இன்ஜெக்டரையும் பெரிசாக மாற்றச் சொன்னான். இஸ்மாயில் ஷார்ஜாவில் மணலுக்குள் புதைந்த வண்டிகளை இழுத்துக்கொண்டிருந்த ஆள். பெரிய டர்போ ரோட்டில் பறப்பதற்குத்தான் ஆகும், மெதுவாக முக்கி இழுக்கிற நேரத்தில் அது தூங்கிக்கொண்டிருக்கும் என்று விளக்கினார். சின்ன டர்போ போடுவோம், அது உடனே விழித்துக்கொள்ளும். பெரிய ரேடியேட்டர், காற்றைக் குளிரவைக்க நல்ல இன்டர்கூலர். பின்னச்சில் கிரவுன் பினியன் பல்சக்கரத்தை மாற்றினால் வேகம் பாதியாகும், இழுவை ஏறும். இன்ஜெக்டரைத் தொட வேண்டாம், சுத்தம் செய்தால் போதும் என்றார். முத்துச்செல்வம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியில்தான் தான் கேட்க வந்ததைக் கேட்டான்.

"பாய், சூடானா டீசலைக் கொறைக்குதுல்லா, அந்தக் காவல். அதை எடுத்துருங்க."

இஸ்மாயில் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். அதை எடுத்தால் எஞ்சின் தன் உயிர் போகும் வரைக்கும் நிற்காது என்றார். நிற்க வேண்டாம் என்றுதான் வந்திருக்கிறேன் என்றான் முத்துச்செல்வம். அவர் முடியாது என்று சொல்லிவிட்டு, எஞ்சினின் கணக்கைப் படிக்கிற ஸ்கேனரை எடுத்து மாட்டினார்.

எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் எதுவும் கட்டியிருக்கவில்லை. ஸ்கேனரின் சின்னத் திரையில் லோடு, அதாவது எஞ்சின் இழுக்கிற பாரம், ஏறிக்கொண்டே போனது. மலையில் முழுப் பாரத்தோடு ஏறுகிற வண்டிக்குத்தான் அந்த அளவு காட்டும். சென்சார் போயிருக்கும் என்று இஸ்மாயில் புதுசு மாற்றினார். அதுவும் அதையே காட்டியது. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். இழுகயிற்றை மாட்டுகிற பின்கொக்கி வெறுமனே தொங்கியது.

ஆனால் அது ஆடவில்லை. எஞ்சின் ஓடி வண்டி முழுக்க அதிரும்போது, அந்தக் கொக்கி மட்டும் யாரோ பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது மாதிரி பின்பக்கமாக விறைத்து நின்றது.

பட்டறைக்குள் எலுமிச்சை வாசம் அடித்தது. ஈரமும் சேறும் கலந்த வாசம்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இஸ்மாயில் எஞ்சினை அணைத்தார். ஸ்கேனரைக் கழற்றி வைத்துவிட்டு, இசக்கிக்காக அந்தக் காவலை எடுத்துத் தருகிறேன், ஒரே ஒரு இழுவைதான், மறுநாளே பழையபடி மாற்றிவிட வேண்டும் என்றார். முத்துச்செல்வம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

வேலை முடிந்ததும் வண்டியைச் சோதித்துப் பார்க்க ஐந்தருவிக்குக் கொண்டுபோனான். நல்ல கூட்டம். பழக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சுற்றுலா வேன் சேற்றில் புதைந்து கிடந்தது. ரிவர்ஸில் வந்து நிறுத்தி, முன்கியருக்கு மாற்றிவிட்டு, கொக்கி போட இறங்கலாம் என்று கதவில் கை வைத்தான்.

இடது பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தது.

பழகின காலல்லவா, அது பாட்டுக்குக் கிளட்சை விட்டுவிட்டது. வண்டி முன்னால் நகர்ந்தது. வேனும் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு மேடேறி வந்தது. முத்துச்செல்வம் இறங்கி ஓடினான். கயிறு மாட்டியிருந்தது. அவன் மாட்டவில்லை. வேன் டிரைவர் நன்றி சொல்லிவிட்டு, தயங்கிக்கொண்டே ஒன்று கேட்டார்.

"அண்ணாச்சி, உங்க ஆளு சொட்டச் சொட்ட நனைஞ்சு நிக்காரே. உள்ள ஏறிக்கிடச் சொல்லக் கூடாதா?"

எங்கே என்று முத்துச்செல்வம் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. பயம் இருந்தது, இல்லையென்று யார் சொன்னது? ஆனால் பயத்துக்கு மேலே ஒரு ஆசையும் வந்து உட்கார்ந்துகொண்டது. இசக்கி தன் கூடவே இருக்கிறான், தன் உடம்பை எடுக்கத் தானே வருகிறான் என்று நினைத்துக்கொண்டான். நெஞ்சு கொஞ்சம் லேசானது. அவன் செய்த பெரிய தப்பு அந்த நினைப்புதான்.

சாரல் விட்டது. மறுநாள் மத்தியானம் இரண்டு பேரும் அந்த வளைவுக்குப் போனார்கள். மலையில் மழை இல்லையே தவிர, மேகம் இறங்கி ரோட்டின் மேல் படுத்திருந்தது. இஸ்மாயில் சிவப்புத் துணியோடு மேலே போய் நின்று, வருகிற வண்டிகளை நிறுத்தினார். வண்டியின் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்தச் சிவப்பு மட்டும் தெரிந்தது.

முத்துச்செல்வம் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினான். கசத்தில் தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்திருந்தது. டெம்போ பாறைக்கு அணைவாக, மூஞ்சியை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கண்ணாடி முழுக்கச் சேறு. உள்ளே பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மாப்பிள்ளை, வந்துட்டேன் என்று மட்டும் சொன்னான்.

முன்பக்கச் சட்டத்தில் இசக்கி அன்றைக்குப் போட்ட கொக்கி அப்படியே மாட்டியிருந்தது. அறுந்த கயிறு அதில் தொங்கியது. அதைக் கழற்றிவிட்டுப் புதுக் கொக்கி போடத்தான் வந்திருந்தான். எவ்வளவு முறுக்கியும் அது அசையவில்லை. எங்கோ மேலே இடி உருண்டது. ஓடையில் தண்ணீர் நிறம் மாறத் தொடங்கியது. நேரமில்லை. இசக்கியின் கொக்கியிலேயே ஒரு வளையத்தைக் கோத்து, அதில் புதுக் கயிற்றை மாட்டிவிட்டு மேலே ஏறினான்.

சீட்டில் உட்கார்ந்து எஞ்சினை எழுப்பினான். மேலே சிவப்புத் துணி மேகத்துக்குள் அசைந்தது. இஸ்மாயில் அங்கேதான் நிற்கிறார்.

இடது பக்கத்தில் இரண்டு தட்டு.

கயிறு விறைத்தது. சின்ன டர்போ உடனே விழித்துக்கொண்டு கீச்சிட்டது. வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. சூட்டு முள் ஏறி, சிவப்பைத் தொட்டு, சிவப்பையும் தாண்டியது. விளக்கு எரிந்தது. அன்றைக்கு எஞ்சின் கைவிட்ட இடம் அதுதான். முத்துச்செல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான்.

எஞ்சின் நிற்கவில்லை.

பின்னால் தகரம் பாறையில் உரசி அலறியது. டெம்போ தண்ணீரைக் கொட்டிக்கொண்டு உடைந்த சுவர் வழியாக ரோட்டுக்கு வந்து சேர்ந்தது. இஸ்மாயில் ஓடி வந்தார். முத்துச்செல்வம் இறங்கிப் போய், கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்தான்.

உள்ளே யாரும் இல்லை.

சீட்டு முழுக்க எலுமிச்சம்பழம். இத்தனை நாள் தண்ணீரில் கிடந்தும் ஒன்றுகூட அழுகவில்லை. காலையில் பறித்ததுபோல் மஞ்சளாக மின்னின. ஸ்டீயரிங்கில் இசக்கியின் துண்டு சுற்றியிருந்தது.

முத்துச்செல்வம் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். இனி அவளிடம் போய் என்ன சொல்வது? ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் அவள் தாங்குவாளா? இஸ்மாயில்தான் அவனைத் தூக்கி நிறுத்தினார். போலீஸ் வரும் வரைக்கும் தான் டெம்போவோடு இருப்பதாகவும், அவன் முதலில் வீட்டுக்குப் போய் உலகம்மையைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எஞ்சின் சூட்டைக் கவனித்துக்கொள்ளட்டும் என்று ஸ்கேனரையும் மாட்டிவிட்டார். முத்துச்செல்வம் தன் வளையத்தைக் கழற்றிக் கயிற்றைச் சுருட்டினான். இசக்கியின் கொக்கி டெம்போவிலேயே இருந்தது. அதை இஸ்மாயிலிடம் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

மலையிலிருந்து கீழே இறங்குகிற பாதை. கியரில் விட்டால் வண்டி தானாக உருள வேண்டும். உருளவில்லை. மிதித்தால்தான் நகர்ந்தது. இறக்கத்தில், வெறும் வண்டி, முழுப் பாரத்தை இழுக்கிற மாதிரி முனகியது. ஸ்கேனரில் லோடு உச்சியில் நின்றது. கண்ணாடியில் பின்னால் பார்த்தான். ஈரமான ரோடும் மேகமும்தான் தெரிந்தன.

செங்கோட்டை தாண்டியும் பாரம் குறையவில்லை. எலுமிச்சை வாசம் மூக்கை அடைத்தது.

மேலகரத்தில் வீட்டு வாசலுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். பிரேக்கில் கால் வைப்பதற்குள் இடது பக்கத்தில் ஒரு தட்டு விழுந்தது.

வண்டி நின்றது. ஸ்கேனரில் லோடு மளமளவென்று இறங்கிவிட்டது. பின்னால் ஏதோ ஒன்று வண்டியை விட்டு இறங்கியதுபோல் வண்டி லேசாக எழும்பி அடங்கியது.

வீட்டுக்குள் உலகம்மை பேசிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. அவள் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. முத்துச்செல்வம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே போய், இசக்கி டெம்போவில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க. இப்பதான் சாப்பிட உக்காந்திருக்கான்."

தரையில் இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றியிருந்தாள். எதிரே யாரும் இல்லை. அந்த இடத்துத் தரை மட்டும் ஈரமாக இருந்தது. அவள் சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டினாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. கை திரும்பி வந்தபோது உருண்டை இல்லை.

"கை வெறைச்சுப்போயிருக்கு அவனுக்கு. அதான் நான் ஊட்டுதேன்," என்றாள். பிறகு குழந்தையைக் கடிந்துகொள்கிற குரலில் புருஷனைக் கேட்டாள். "கொக்கியை அங்கனயே விட்டுட்டு வந்துட்டியளாமே. அவன்தான் கழட்டணுமாம். சாப்பிட்டதும் போயிருவோம்னு சொல்லுதான். தனியா விட மனசில்ல எனக்கு. நானும் வாரேன்னு சொல்லிட்டேன்."

முத்துச்செல்வம் வெளியே ஓடினான். ஸ்பானரை எடுத்து, எஞ்சின் பக்கத்திலிருந்த அந்தச் சின்னப் பெட்டியைக் கழற்றினான். அது இல்லாமல் ஒரு சொட்டு டீசல் உள்ளே போகாது. வண்டி வெறும் இரும்பு. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, கதவைத் தாழிட்டு, உலகம்மையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். போகாதே உலகு, எனக்கு யாரும் இல்லை என்று கெஞ்சினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலை காலியாகிவிட்டிருந்தது.

வாசலில் எஞ்சின் எழுந்தது.

பெட்டி அவன் மடியில் இருந்தது. வெளியே சின்ன டர்போ விழித்துக்கொண்டு மெல்லக் கீச்சிட்டது. உலகம்மை எழுந்தாள். அவள் எழுந்ததுபோல் இல்லை, எழுப்பப்பட்டதுபோல் இருந்தது. அவளுடைய இன்னொரு கை முன்னால் நீண்டு விறைத்து நின்றது. முத்துச்செல்வம் இரண்டு குதிகாலையும் தரையில் ஊன்றி, அவளைத் தன் பக்கம் இழுத்தான். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் போட்டு இழுத்தான். அவன் கால்கள் ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டு கதவை நோக்கி நகர்ந்தன.

சூடானால் நிற்கிற காவலை எடுக்கச் சொன்னவன் அவன்தான்.

ஒன்றும் தோன்றாமல், ஒரு கையை விடுவித்து, உள்ளங்கையால் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். நில் இசக்கி, நில்லுடா.

எஞ்சின் ஒரு கணம் தயங்கியது. இழுப்பு தளர்ந்தது. உலகம்மையின் கை அவன் கைக்குள் மறுபடியும் சூடானது.

பிறகு வாசல் கதவில், மிக மெதுவாக, ஈரக் கையால், இரண்டு தட்டு விழுந்தது.